இங்கிலாந்துப் பள்ளியில் டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளை: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருச்சியிலிருந்து லண்டனுக்கு வந்து இறங்கியபோது என் மகனுக்கு ஏழு வயது. ஐந்து வயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை. பள்ளியில் சேர்த்த முதல் மூன்று வாரமும் தினம் பதினொன்றரைக்கு பஸ் ஏறிப் போய், வரவேற்பறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து அவனுக்கு மதிய இன்சுலினைப் போட்டுவிட்டு வந்தேன். "எங்களிடம் நர்ஸ் இல்லை, நீங்களே வந்து போட்டால் நல்லது" என்று பள்ளியில் சொன்னார்கள். இந்த ஊரில் அதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன். அப்படி ஒரு வழக்கமே இல்லை என்பதை மருத்துவமனையின் சர்க்கரை நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் அந்த பஸ்ஸில் ஏற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் உள்ளது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு. நான் டைப் 1-ஐ வைத்துச் சொல்கிறேன். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கும் படிகள் ஏறக்குறைய இவைதான்.

1. ஊரில் கிளம்பும் முன்பே சேர்க்க வேண்டியவை

உங்கள் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். எப்போது கண்டுபிடித்தார்கள், இன்சுலினின் மருந்துப் பெயர், எந்த வேளைக்கு எத்தனை யூனிட், கடைசி ஹெச்.பி.ஏ.1.சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை), எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா, வேறு ஒவ்வாமை ஏதாவது உண்டா, எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுப்போக வாய்ப்புண்டு. குறைந்தது இரண்டு மாதத்துக்கு வரும்படி எடுத்து வாருங்கள்.

இதில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. நம் ஊரில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகள் பலவற்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்தான் இருக்கும், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. இங்கே வழக்கமானது ஒரு மில்லிக்கு 100 யூனிட். நாற்பதுக்கான சிரிஞ்சில் நூறு யூனிட் இன்சுலினை ஏற்றினால் பிள்ளைக்கு இரண்டரை மடங்கு மருந்து போய்விடும். குப்பியில் போடுகிறவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு இன்சுலின் பேனாவுக்கு மாறிவிட்டு வருவது நல்லது. முடியாவிட்டால் பழைய சிரிஞ்சுகளை இங்கே பள்ளிப் பையில் கண்டிப்பாக வைக்காதீர்கள்.

2. முதலில் ஜி.பி., அங்கிருந்து மருத்துவமனை

வீடு கிடைத்த வாரமே பக்கத்து ஜி.பி.யில், அதாவது குடும்ப மருத்துவரிடம், பதிவு செய்யுங்கள். முகவரிச் சான்று, விசாச் சான்று இல்லாவிட்டாலும் பதிவை மறுக்கக் கூடாது என்பதுதான் என்.எச்.எஸ் என்கிற அரசு மருத்துவச் சேவையின் விதி. வரவேற்பாளர் கேட்டால் இருப்பதைக் கொடுங்கள், இல்லையென்றால் இல்லை என்று சொல்லலாம். பதிவான கையோடு, பிள்ளைக்கு டைப் 1 இருக்கிறது, குழந்தைகள் சர்க்கரைப் பிரிவுக்கு அவசரமாகப் பரிந்துரை வேண்டும் என்று கேளுங்கள். "அவசரமாக" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இன்சுலின் தீரப்போகிறது, மருந்துச் சீட்டு இன்னும் வரவில்லை என்றால் 111 என்ற என்.எச்.எஸ் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பிள்ளை வாந்தி எடுத்து மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் 999 என்ற அவசர எண்.

மருத்துவமனைக் குழுவில் உங்களுக்கு மிக முக்கியமானவர் சர்க்கரை நர்ஸ். பள்ளிக்கு வந்து ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் அவர்தான். முதல் சந்திப்பிலேயே அவருடைய நேரடி எண்ணையும் மின்னஞ்சலையும் வாங்கிவிடுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் போதும், காசு இல்லாமல் ஏற்பாடு செய்வார்கள். பெரிய பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள்.

3. எண்களை மாற்றுங்கள்

இதற்குத் தனித் தலைப்பு போடக் காரணம் நான் செய்த தப்பு. நம் ஊரில் சர்க்கரை அளவை 70, 180 என்று சொல்வோம். இங்கே மீட்டர் 4, 10 என்று காட்டும். நம் எண்ணை 18-ஆல் வகுத்தால் இவர்களுடைய எண் வரும். ஹெச்.பி.ஏ.1.சி-க்கும் அலகு வேறு, ஆனால் அதற்கு இந்த வகுத்தல் செல்லாது: நம் 7 சதவீதம் இங்கே 53.

முதல் வாரம் பள்ளிக்கு நானே ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். "70-க்குக் கீழே போனால் ஜூஸ் கொடுக்கவும்" என்று அதில் இருந்தது. அடுத்த வாரம் மருத்துவமனையில் புது மீட்டர் தந்தார்கள், அதைப் பையில் போட்டு அனுப்பிவிட்டேன். தாளை மாற்ற நினைவில்லை. மதியம் துணை ஆசிரியை சோதித்துப் பார்த்தபோது 9.1. எழுபதுக்கு எவ்வளவோ கீழே! பாவம், பதறிப்போய் இரண்டு டப்பா ஆப்பிள் ஜூஸைக் குடிக்க வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது 19. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, தாளில் இருந்ததைத்தான் செய்தார்.

மீட்டர், தோலில் ஒட்டும் சர்க்கரை சென்சாரின் செயலி, பள்ளித் தாள் மூன்றும் ஒரே அலகில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பையை மூடுங்கள்.

4. பள்ளி விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்

"நோய் இருக்கிறது என்றால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்" என்ற பயம் நம்மவர்களிடம் நிறைய உண்டு. இங்கே நோய்க்கான ஏற்பாடு தயாராக இல்லை என்பதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி இடத்தை மறுக்கக் கூடாது. படிவத்தில் உடல்நலம் கேட்கும் இடத்தில் முழுதாக எழுதுங்கள். இடம் உறுதியான அன்றே பள்ளி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதன் சாரம் இவ்வளவுதான்: என் பிள்ளைக்கு இன்ன நோய், பள்ளி நேரத்தில் இன்ன இன்ன செய்ய வேண்டியிருக்கும், தனி உடல்நலத் திட்டம் எழுத ஒரு சந்திப்பு வேண்டும், சர்க்கரை நர்ஸின் தொடர்பு இது, பள்ளியின் மருத்துவக் கொள்கையின் பிரதி ஒன்று அனுப்புங்கள்.

நேரம் பார்த்து அனுப்புவது முக்கியம். ஜூலைக் கடைசியில் மூடும் பள்ளி செப்டம்பரில்தான் திறக்கும். ஆகஸ்ட்டில் அனுப்புகிற மின்னஞ்சல் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். செப்டம்பரில் சேருகிற பிள்ளைக்கு ஜூன் மாதமே பேசிவிட வேண்டும். நடு ஆண்டில் சேர்ந்தாலோ, புதிதாக நோய் தெரியவந்தாலோ, இரண்டு வாரத்துக்குள் ஏற்பாடு செய்ய எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்பது அரசு வழிகாட்டல்.

5. கையில் வைத்திருக்க வேண்டிய சட்ட வரி

2014-ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம், 100-வது பிரிவு. நோய் உள்ள மாணவர்களுக்கு உதவ ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை என்கிறது அது. அதற்கான வழிகாட்டலைக் கல்வித் துறை 2015 டிசம்பரில் திருத்தி வெளியிட்டது. அரசின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கும். இறக்கும்போது அப்போது நடப்பில் உள்ள பதிப்புதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், ஏற்க முடியாத நடைமுறைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதை மட்டும் அச்செடுத்து வையுங்கள்.

பெற்றோர் பள்ளிக்கு வந்துதான் மருந்து கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. பள்ளி உதவி செய்யாததால் எந்தப் பெற்றோரும் வேலையை விட வேண்டிய நிலை வரக் கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. உடம்பு சரியில்லாத பிள்ளையைத் தனியாக அலுவலகத்துக்கு அனுப்புவது, தண்ணீருக்கும் கழிவறைக்கும் தடை போடுவது, மருத்துவமனைக்குப் போன நாளுக்காக வருகைப் பதிவில் தண்டிப்பது, சின்னக் காரணத்துக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்புவது, இவையும் பட்டியலில் உள்ளவையே.

கவனிக்க: தனியார் கட்டணப் பள்ளிகளை இந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது. அங்கே 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தை வைத்துத்தான் பேச வேண்டும்.

6. ஐ.ஹெச்.பி. என்கிற தாள்

தனி உடல்நலத் திட்டத்தைச் சுருக்கி ஐ.ஹெச்.பி. என்பார்கள். இதை ஈ.ஹெச்.சி. திட்டத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஈ.ஹெச்.சி. என்பது கற்றலில் பெரிய உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு உள்ளாட்சி மன்றம் போடுவது, இருபது வாரம் வரை ஆகும். ஐ.ஹெச்.பி.யைப் பள்ளியிலேயே ஒரு மணி நேரத்தில் எழுதி முடிக்கலாம். "அதற்கெல்லாம் மன்றம் அனுமதிக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால், அவர்கள் வேறு தாளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

கூட்டத்துக்கு நீங்கள், வகுப்பாசிரியர், சென்கோ என்று கூப்பிடும் சிறப்புத் தேவை ஒருங்கிணைப்பாளர், முடிந்தால் சர்க்கரை நர்ஸ் இருந்தால் போதும். பிள்ளையையும் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். என் மகன் அங்கே ஒரே ஒரு விஷயம் கேட்டான்: எல்லோர் முன்னாலும் ஊசி போட வேண்டாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

தாளில் இவை கட்டாயம் இருக்கட்டும். சோதிக்கும் நேரங்கள்: சாப்பாட்டுக்கு முன், விளையாட்டுக்கு முன், வீட்டுக்குக் கிளம்பும் முன். 4-க்குக் கீழே போனால் உடனே என்ன கொடுப்பது, எத்தனை குளுக்கோஸ் மாத்திரை (இதைப் பிள்ளையின் எடை பார்த்து மருத்துவமனைதான் சொல்லும்), பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிப்பது, அதுவரை யார் கூட இருப்பது. 14-ஐத் தாண்டி நின்றால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்ப்பதா, யாரைக் கூப்பிடுவது. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐக் கூப்பிடுவது. இன்சுலின் கணக்கை யார் போடுவார், யார் சரிபார்ப்பார். அப்புறம், சர்க்கரை இறங்கும்போது உங்கள் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது. புத்தகத்தில் நடுக்கம், வியர்வை என்று இருக்கும். என் மகனுக்கு அதெல்லாம் வராது, திடீரென்று காரணமில்லாமல் சண்டை போடுவான். அதை எழுதாத வரைக்கும் அவனுக்கு "நடத்தை சரியில்லை" என்று மஞ்சள் அட்டைதான் கிடைத்துக்கொண்டிருந்தது.

ஆட்களின் பெயரை எழுதும்போது ஒரே பெயரோடு நிற்காதீர்கள். பயிற்சி பெற்றவர் ஒருவர் மட்டும் என்றால் அவர் விடுப்பில் போகிற வியாழக்கிழமை நீங்கள் பஸ் ஏறுவீர்கள். குறைந்தது இரண்டு பேர், மூன்று இருந்தால் நிம்மதி. தற்காலிக ஆசிரியர் வரும் நாளில் அவருக்கு யார் சொல்வார் என்பதும் ஒரு வரி. கையெழுத்தானதும் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபார்வை வேண்டும். மருந்தளவு மாறினால் அன்றைக்கே.

7. யார் செய்வார்கள்?

பள்ளி நர்ஸ் என்ற பெயர் நம்மை ஏமாற்றிவிடும். அவர் பள்ளியிலேயே உட்கார்ந்திருப்பவர் இல்லை, பல பள்ளிகளைச் சுற்றி வருகிறவர். தினமும் ஊசி போடுவது துணை ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும்தான். எந்த ஊழியரையும் கேட்கலாம், ஆனால் ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. முன்வருகிறவருக்கு முறையான பயிற்சி வேண்டும், முதலுதவிச் சான்றிதழ் இதற்குப் போதாது. ஆனால் "யாரும் முன்வரவில்லை" என்று பள்ளி கையை விரித்துவிட்டுப் போகவும் முடியாது. ஏற்பாடு செய்யும் கடமை பள்ளி நிர்வாகக் குழுவுடையது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாட்கள் ஓடும். எங்களுக்கு வழி திறந்தது சர்க்கரை நர்ஸ் தேதி குறித்துக்கொண்டு பள்ளிக்கே வந்தபோதுதான். ஒரு மணி நேரப் பயிற்சியில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். அவர்களில் சமையலறையில் வேலை பார்க்கும் ஒரு அம்மாதான் இன்றைக்கும் எங்களுக்குப் பெரிய துணை.

8. மருந்தும் ஹைப்போ டப்பாவும்

பள்ளி வாங்கிக்கொள்ளும் மருந்து காலாவதி ஆகாததாக, மருந்துக்கடை ஒட்டிய பெயர்ச் சீட்டோடு, அசல் பெட்டியில் இருக்க வேண்டும். இன்சுலின் மட்டும் பேனாவுக்குள்ளோ பம்புக்குள்ளோ இருக்கலாம். ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்தை, நல்ல மருந்தாகவே இருந்தாலும், வாங்க மறுப்பார்கள். இருமல் மருந்துக்கும் கஷாயத்துக்கும் அதே கதைதான். பதினாறு வயதுக்குக் கீழே உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பொதுவாக எதுவும் கொடுக்க மாட்டார்கள். அந்தப் படிவத்தை முதல் நாளே நிரப்புங்கள்.

ஹைப்போ டப்பா என்பது சர்க்கரை இறங்கும்போது கை நீட்டி எடுக்கும் பெட்டி. ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவே போதும். எங்களுடையதில் குளுக்கோஸ் மாத்திரை இரண்டு குழாய், சின்ன ஜூஸ் டப்பா மூன்று, பிஸ்கட் பொட்டலம், பழைய மீட்டரும் சோதனைப் பட்டைகளும், மூடியின் உள்பக்கம் அவன் படத்தோடு நான்கு வரி. இதை வகுப்பறையில் வைக்க வேண்டும், பூட்டிய அலமாரியில் வைக்கக் கூடாது. எங்கள் டப்பா முதலில் அலுவலகப் பீரோவில் பூட்டிக் கிடந்தது, சாவி ஒருவரிடம். மீட்டர், ஆஸ்துமா இன்ஹேலர், கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் பேனா போன்றவை உடனே எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று வழிகாட்டலே சொல்கிறது. விளையாட்டு மைதானம் தள்ளி இருந்தால் இரண்டாவது டப்பா ஒன்று. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பாவை ஜி.பி. சீட்டிலேயே எழுதித் தருவார்கள்.

ஆஸ்துமா, ஒவ்வாமைப் பிள்ளைகளின் பெற்றோருக்கு: 2014 அக்டோபரிலிருந்து பள்ளிகள் அவசர இன்ஹேலரும், 2017 அக்டோபரிலிருந்து அவசர அட்ரினலின் பேனாவும் சொந்தமாக வாங்கி வைக்கலாம். உங்கள் பள்ளி வைத்திருக்கிறதா என்று கேட்டு, பிள்ளைக்குப் பயன்படுத்தச் சம்மதம் எழுதிக் கொடுங்கள்.

9. மதியச் சாப்பாடு

பள்ளிச் சாப்பாடு என்றால் சமையல் ஒப்பந்தக்காரரிடமிருந்து ஒவ்வொரு உணவிலும் எத்தனை கிராம் மாவுச்சத்து என்ற பட்டியலைப் பள்ளி மூலம் கேளுங்கள். லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம். லண்டனுக்கு வெளியே ரிசப்ஷன் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) முதல் இரண்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் உண்டு.

வீட்டுச் சாப்பாடு என்றால் கணக்கு உங்கள் வேலை. நான் ஒரு சமையலறைத் தராசு வாங்கி, எங்கள் வீட்டு இட்லியை நிறுத்து, உணவியலாளரோடு உட்கார்ந்து ஒரு இட்லிக்கு எத்தனை கிராம் என்று கண்டுபிடித்தேன். அக்கா வீட்டு இட்லி அதைவிடப் பெரியது, அந்தக் கணக்கு அங்கே செல்லாது. டப்பா மூடியில் ஒரு ஒட்டுச்சீட்டு: இட்லி மூன்று, மாவுச்சத்து இவ்வளவு. பாதி சாப்பிட்டு மிச்சம் வைத்தால் என்ன செய்வது என்பதையும் ஐ.ஹெச்.பி.யில் எழுதுங்கள். வேர்க்கடலைச் சட்னி பல பள்ளிகளில் தடை.

10. சுற்றுலா, தேர்வு, விடுப்பு

சுற்றுலாவுக்கு "அம்மாவும் கூட வந்தால் அனுப்புவோம்" என்பது கூடாது. ஆபத்து மதிப்பீட்டைப் பள்ளி செய்ய வேண்டும். இரவு தங்கும் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே பேசுங்கள், இரவில் சோதிக்க ஆள் வேண்டும். ஆறாம் வகுப்பு சாட்ஸ் தேர்வு மே மாதம், பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வான ஜி.சி.எஸ்.இ. மே, ஜூனில். இடைவேளை, மேசையில் குளுக்கோஸ், சென்சாருக்கான போன் கண்காணிப்பாளரிடம் இருப்பது, இவற்றைச் செப்டம்பரிலேயே சென்கோவிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கிளினிக் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இருக்கும். சந்திப்புக் கடிதத்தின் பிரதியை அலுவலகத்தில் கொடுத்தால் அனுமதித்த விடுப்பாகப் பதிவார்கள். நோயால் ஒரு கல்வியாண்டில் 15 பள்ளி நாளோ அதற்கு மேலோ வர முடியாமல் போகும் என்றால், மாற்றுக் கல்விக்கு உள்ளாட்சி மன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

11. செலவும் விசாவும்

பெரும்பாலும் விசாவுக்கே சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, பதினெட்டு வயதுக்குக் கீழே 776. அதற்குப் பிறகு பிள்ளையின் இன்சுலின், பட்டை, சென்சார், பம்ப் எதற்கும் காசு கிடையாது. பதினாறு வயது வரை மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை, முழுநேரம் படித்தால் பத்தொன்பது ஆகும் வரை. கைக்காசு போகிற இடம் குளுக்கோஸ் மாத்திரை, ஜூஸ், பை, தராசு. ஜி.பி.யிடம் தனிக் கடிதம் கேட்டால் கட்டணம் கேட்கலாம். அதே கடிதத்தை மருத்துவமனைக் குழுவிடம் கேட்டுப் பாருங்கள், எங்களிடம் அவர்கள் காசு வாங்கவில்லை.

டி.எல்.ஏ. என்ற ஊனமுற்றோர் உதவித்தொகை பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு உண்டு, டைப் 1-க்கும் பலருக்குக் கிடைக்கிறது. ஆனால் உங்கள் விசாவில் பொதுநிதிக்கு (அரசு உதவித்தொகை போன்றவற்றுக்கு) உரிமை இல்லை என்று இருந்தால் தொடவே தொடாதீர்கள், விசாவுக்கே வினையாகும். சந்தேகம் இருந்தால் முதலில் குடிவரவு ஆலோசகரிடம் கேளுங்கள். இன்னொரு பக்கம், இந்தப் பயத்தில் ஐ.ஹெச்.பி. கேட்கவே தயங்கிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அரசுப் பள்ளியும் என்.எச்.எஸ் சிகிச்சையும் ஐ.ஹெச்.பி.யும் பொதுநிதிக் கணக்கில் வரா. தாராளமாகக் கேளுங்கள்.

12. நடக்கவில்லை என்றால்

முதலில் வகுப்பாசிரியர், சென்கோ, பிறகு தலைமை ஆசிரியர். வாசலில் நின்று பேசினாலும் அன்று மாலையே "இன்று நாம் பேசியது இது" என்று ஒரு மின்னஞ்சல். நான் வாயால் மட்டும் பேசிய மூன்று வாரத்துக்கு என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. அதற்குப் பிறகும் நகரவில்லை என்றால் பள்ளியின் புகார் நடைமுறைப்படி நிர்வாகக் குழுவுக்கு எழுதுங்கள். கல்வித் துறைக்குப் போவது அதெல்லாம் முடிந்த பிறகு. நோயைக் காரணம் காட்டிப் பிள்ளையை ஒதுக்கினால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். பள்ளியின் புகார் நடைமுறை இழுத்துக்கொண்டே போகும்போது இந்த ஆறு மாதமும் ஓடிக்கொண்டிருக்கும், நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

எங்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. அந்தப் பட்டியலை அச்செடுத்து, பெற்றோரை வரச் சொல்லும் வரியில் மஞ்சள் கோடு போட்டு, தலைமை ஆசிரியர் மேசையில் வைத்தேன். அவருக்கும் அது புதிது என்பது முகத்திலேயே தெரிந்தது. அடுத்த திங்கட்கிழமைக்குப் பயிற்சித் தேதி குறித்தார்கள்.